மழைக்காரர்களுக்கு நின்ற பேருந்து

மெக்டில்ட் ராஸ்கோப் பேருந்து ஓட்ட வந்தபோது அவளுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை தூரிகைத் தொழிற்சாலையில் பன்றி மயிரைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து புலம்பினார்கள். இவள் போய் பஸ் ஓட்டும் உரிமம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "அந்த மலை வளைவுல ஒரு பொம்பள பஸ்ஸத் திருப்புவாளா? நான் நடந்தே போயிக்கறேன்" என்று மதுக்கடையில் சவடால் விட்ட ஆண்கள் எல்லோரும் முதல் பனிக்காலம் முடிவதற்குள் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். நடந்து போனவன் ஒருவனும் இல்லை.

அவள் ஓட்டிய தடம் ஹாசல்பாக்கில் தொடங்கி, பீச் மரக் காட்டின் வழியாக மலைமுகட்டில் ஏறி, மறுபக்கம் ஓலன்ஷைட்டில் இறங்கி, நகரத்துக்குப் போகும். ஹாசல்பாக் அவள் பிறந்த ஊர். ஓலன்ஷைட் வாழ்க்கைப்பட்ட ஊர். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இப்படிச் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் போய்வந்த பெண் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் கிடையாது. இரண்டு ஊருக்கும் தனித்தனிப் பள்ளத்தாக்கு, தனித்தனி ஓடை. இரண்டு ஓடைக்கரையிலும் மழைக்காரர்கள் இருந்தார்கள்.

புத்தகத்தில் அதற்கு நெருப்புச் சாலமாண்டர் என்று பெயர். நெருப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விறகுக் கட்டைக்குள் பதுங்கிக் கிடந்தது அடுப்பில் விழுந்து, உயிர் தப்ப வெளியே வந்ததைப் பார்த்து எந்தக் காலத்திலோ எவனோ வைத்த பெயர். எங்களுக்கு அது மழைக்காரன், பெண்ணாக இருந்தால் மழைக்காரி. பெய்தால் வெளியே வரும், காய்ந்தால் போய்விடும். ஒரு சாண் நீளம், வழவழவென்று கறுப்பு உடம்பு, அதில் மஞ்சள் திட்டுகள். ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. பல்லியைப் போல ஓடத் தெரியாது. தோலில் விஷம் இருப்பதால் நரியும் தொடாது, ஆந்தையும் தொடாது. ஆகவே யாருக்கும் பயப்படாமல், சாவகாசமாக, சாலையின் நடுவில் நடக்கும். விஷம் இருக்கிற விஷயம் டயருக்குத் தெரியாது.

அதனால்தான் அந்தப் பேருந்தில் ஒரு வழக்கம் வந்தது. மழை நாளில் முன் இருக்கையில் உட்கார்ந்தவர் இறங்கிச் சாலையைச் சுத்தம் செய்ய வேண்டும். மெக்டில்ட் வண்டியை நிறுத்தி விளக்கைத் தாழ்த்துவாள். அவள் இருக்கைக்குப் பின்னால் ஒரு தகரக் குப்பைவாரியும் ஒரு ஜோடிக் கையுறையும் தொங்கும். இறங்கி, மழைக்காரனைப் பதமாக வாரி, அவன் எந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தானோ அந்தப் பக்கத்துப் புல்லில் விட வேண்டும். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஏறலாம். பெரும்பாலும் முன் இருக்கை ஓட்டிலி அத்தையுடையது. எண்பதைத் தாண்டியவள். யாருக்கும் சொந்த அத்தை இல்லை, எல்லோருக்கும் அத்தை.

"ஏண்டி மெக்டில்ட், எனக்கு இன்னிக்கு பல் டாக்டர்ட்ட நேரம் குடுத்திருக்கு. பல்லு தானா விழறதுக்குள்ள போய்ச் சேருவமா?"

"உனக்கு இருக்கறதே நாலு பல்லு அத்தை. அதுக்கு என்ன அவசரம்? இறங்கு, வளைவுல ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"இவனா? இவன நேத்துதாண்டி அந்தப் பக்கம் விட்டேன். கொழுப்பு பாரு, மறுபடி வந்திருக்கான். பொண்டாட்டியோட சண்டை போல."

"நீ வேற பக்கம் விட்டிருப்ப."

"எனக்குப் பக்கம் தெரியாதா? நாலு புருஷன் கிட்டருந்து தப்பிச்சவ நான்."

ஒரே ஒரு புருஷன்தான். அவரும் நல்லவர். ஆனால் ஓட்டிலி அத்தையின் பேச்சில் கணக்குப் பார்க்க முடியாது. நகரத்து அலுவலகத்திலிருந்து தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். மெக்டில்ட் ஒவ்வொரு முறையும் "சாலையில் பாதசாரிகள்" என்று பதில் சொல்வாள். அதில் பொய் எதுவும் இல்லை.

வீட்டிலும் ஒரு மழைக்காரி இருந்தாள். மெக்டில்டின் கணவன் எவால்ட் கூரை வேயும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், முழங்கால் இரண்டும் போனவன். ஓடையை ஒட்டிய அவர்கள் வீட்டின் நிலவறைப் படிக்கட்டில், கருங்கல் விரிசலுக்குள் அந்த மழைக்காரி குடியிருந்தாள். கழுத்தில் அறுந்துபோன மோதிரம் போல ஒரு மஞ்சள் வளைவு. அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த ஆண்டே பார்த்தது. அவர்கள் மகள் பள்ளிக்கூடம் முடித்து, கொலோன் நகரத்துக்குப் போய், கல்யாணம் செய்து, அதை முறித்தும் ஆகிவிட்டது. மழைக்காரி அதே விரிசலில்தான் இருந்தாள். எவால்ட் அவளுக்கு வாடகைக்காரி என்று பெயர் வைத்திருந்தான். உருளைக்கிழங்கு எடுக்க இறங்கும்போதெல்லாம், "என்னம்மா, இந்த வருஷமாவது வாடகை உண்டா?" என்று கேட்பான். மெக்டில்டிடம்கூட அவன் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை என்று அவளே குறைபட்டுக்கொள்வாள்.

நோய் முதலில் ஹாசல்பாக்கில்தான் வந்தது. ஒரு இலையுதிர் காலத்தில், பட்டப்பகலில், வெயிலில், மழைக்காரர்கள் இலைகளின் மேல் அசையாமல் கிடந்தார்கள். தோலில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், ஓரம் கறுத்துப்போய். பல்கலைக்கழகத்திலிருந்து அன்னிகா ஃபென்னர் என்ற இளம் பெண் வந்தாள். இது ஒரு பூஞ்சை, சாலமாண்டர்களின் தோலைத் தின்பது, ஆசியாவிலிருந்து கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வாங்கிய பிராணிகளோடு ஐரோப்பாவுக்கு வந்திருக்க வேண்டும் என்றாள். அங்கே உள்ள பிராணிகளுக்குப் பழகிய நோய். இங்கே உள்ளவற்றுக்கு இரண்டு வாரத்தில் சாவு. மருந்து? ஒரு அறையில் வைத்துச் சூடு காட்டினால் ஒன்றிரண்டைப் பிழைக்க வைக்கலாம். ஒரு காட்டுக்கே யார் சூடு காட்டுவது?

அவள் பேருந்து நிறுத்தத்துக்கே வந்து மெக்டில்டைப் பிடித்தாள்.

"திருமதி ராஸ்கோப், நீங்க செய்யறது எவ்வளவு பெரிய காரியம்னு எனக்குத் தெரியும். ஆனா இனிமே ஹாசல்பாக்ல தொட்ட கையோட ஓலன்ஷைட்ல எதையும் தொடாதீங்க. இங்கேருந்து ஒரு துளி சேறுகூட ஓலன்ஷைட் பக்கம் போகக் கூடாது."

"சேத்துல கூடவா இருக்கும்?"

"சேத்துல, செருப்புல, குப்பைவாரியில. மாசக்கணக்கா இருக்கும்."

மெக்டில்ட் அன்றே குப்பைவாரியை எரி குழியில் போட்டாள். ஹாசல்பாக்குக்கு ஒன்று, ஓலன்ஷைட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் புதிது வாங்கினாள். அன்னிகா கொடுத்த மருந்துத் தண்ணீரை முகட்டில் வண்டியை நிறுத்தி எல்லோருடைய செருப்பிலும் பீய்ச்சினாள். "ஆஸ்பத்திரியிலகூட என்னை இவ்வளவு கழுவினதில்ல" என்று முனகியபடியே ஓட்டிலி அத்தை காலைத் தூக்கிக் காட்டினாள். மெக்டில்ட் எதையும் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவள். இதைச் சொல்லி வைக்காவிட்டால் பிறகு நடந்ததைக் கேட்கிறவர்கள் அவளை அசட்டைக்காரி என்று நினைத்துவிடுவார்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஹாசல்பாக் சாலையில் நல்ல மழை. மெக்டில்ட் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு வளைவு நின்று பார்த்துக்கொண்டே போனாள். இலைகள் கிடந்தன. நத்தைகள் கிடந்தன. ஓட்டிலி அத்தை முன் இருக்கையில் கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். மூன்று வளைவு தாண்டியதும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டுடி" என்றாள். "ரோட்டுல யாரும் இல்ல."

அதற்குப் பிறகு வந்த ஏப்ரலில், ஒரு மதியம், ஹாசல்பாக் திருப்பத்தில் மெக்டில்ட் வண்டியை நிறுத்தி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பயணிகள் யாரும் இல்லை. தூறல். எதிரே சாலையோரப் பாசியில் ஒரு மழைக்காரி வந்து நின்றாள். மெக்டில்ட் ரொட்டியைக் கீழே வைத்தாள். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் அவள் கண்ட முதல் மழைக்காரி. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. நிறைமாதக்காரி.

இவை தவளையைப் போல முட்டை இடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே குட்டிகளை வளர்த்து, வசந்தத்தில் ஓடைக்கு வந்து, பின்னங்காலால் தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போகும். குட்டிகள் மீனைப் போலச் செவுளோடு சில மாதம் தண்ணீரில் இருக்கும். பிறகு செவுள் சுருங்கும், மஞ்சள் ஏறும், கரைக்கு வரும். வந்தால் திரும்பத் தண்ணீருக்குப் போகாது. ஆயுள் முழுக்கத் தரைதான்.

அந்தத் தரையில் என்ன இருக்கிறது என்று மெக்டில்டுக்குத் தெரியும். இவள் இங்கே குட்டி போட்டால் அத்தனையும் கோடைமுடிவில் கரையேறிச் சாகும். முகட்டுக்கு அந்தப் பக்கம் மண் சுத்தம். அவள் இறங்கிப் போய், புதுக் கையுறை போட்டு, மழைக்காரியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிவயிறு, கால் இடுக்கு, விரல் நுனி. ஒரு குழி கிடையாது. கண் பளபளவென்று இருந்தது. இத்தனை சாவுக்கு நடுவில் இவள் ஒருத்தி தப்பினாள் என்றால் இவளை நோய் தொடாது என்றுதானே அர்த்தம்? தன் பிறந்த ஊரின் கடைசி மழைக்காரி என்ற நினைப்பு வேறு. ரொட்டி டப்பாவைக் காலி செய்து, ஈரப் பாசி போட்டு, அவளை உள்ளே வைத்தாள். தன் செருப்புக்கு மறக்காமல் மருந்து அடித்துக்கொண்டாள்.

எவால்ட் டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"ஹாசல்பாக்லேருந்து ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்து நான் படற பாடு போதாதா? இப்ப ரெண்டாவதா வேற?"

"இவ பேசமாட்டா."

"அப்ப இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பொண்ணு கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லுச்சே?"

"நோய் வந்தத கொண்டுவரக் கூடாது. இது நல்லா இருக்கு. நீயே பாரேன், எவால்ட்."

அவனும் பார்த்தான். நல்லாத்தான் இருந்தது.

அன்று மாலை வெளிச்சம் மங்குவதற்குள் இருவரும் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மழைக்காரி கல்லை முன்னங்காலால் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். வளர்ந்தவற்றுக்கு நீச்சல் சரியாக வராது, பிடி நழுவினால் மூழ்கிவிடும். மெக்டில்ட் கையைக் கீழே ஏந்தியபடியே குனிந்திருந்தாள். ஒரு சின்ன உருண்டை தண்ணீரில் விழுந்து, விரிந்து, வாலை ஆட்டிக்கொண்டு கல்லடியில் புகுந்தது. பிறகு இன்னொன்று. எவால்ட் முழங்கால் வலியை மறந்து சிரித்துக்கொண்டே இருந்தான். அன்று மெக்டில்ட் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். மகள் பிறந்த அன்றுகூடப் பயம்தான் பெரிதாக இருந்தது, இது வெறும் சந்தோஷம் என்று படுக்கையில் சொன்னாள். தாய் மழைக்காரி பிள்ளைகளை விட்டுவிட்டு ஆல்டர் மர வேருக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரு வெயில் காலையில் எவால்ட் நிலவறையிலிருந்து ஏறி வந்தான். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தான். மறு கையை முன்னால் நீட்டியிருந்தான். உள்ளங்கையில் வாடகைக்காரி.

"படி மேல கிடந்தா. வெயில்ல. நான் பேசினேன், திரும்பல."

கழுத்தின் மஞ்சள் வளைவுக்கு நடுவே மூன்று குழிகள், ஓரம் கறுத்து. மெக்டில்ட் அடுப்பை அணைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவதான்" என்றாள். "நான் கொண்டுவந்தவ."

"அவ நல்லா இருந்தாளே."

"நாம பாக்கறப்ப நல்லா இருந்தா."

எவால்ட் வாடகைக்காரியை ஒரு துணியில் வைத்தான். அவன் அழுததை மெக்டில்ட் அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள்.

"நல்லதுக்குத்தானே செஞ்ச, மெக்டில்ட்."

"நல்லதுக்குத்தான். கெட்டதுக்குச் செஞ்சிருந்தா இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்க மாட்டேன்."

அந்த மாதம் முழுக்க ஓலன்ஷைட்டில் மழைக்காரர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கல்லறைத் தோட்டச் சுவரடியில், பள்ளிக்கூடத்துப் பின்வாசலில், ஓடையின் இரண்டு கரையிலும். ஊருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். யோப் இருந்தான். ஹாலந்துக்காரன், விடுமுறைக்கென்று வீடு வாங்கி நிரந்தரமாகத் தங்கிவிட்டவன், எந்நேரமும் நாயோடு ஓடைக்கரையில் சுற்றுகிறவன். ஹாலந்தில்தான் இந்த நோய் முதலில் வந்ததாம், அவன் நாயின் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். உண்மையில் அந்த நாய் குட்டியாக இருந்தபோது ஒரு மழைக்காரனைக் கவ்வி, வாயில் நுரை தள்ளி, அன்றிலிருந்து மஞ்சள் நிறப் பந்தைக் கண்டால்கூடச் சுற்றி வளைத்துப் போகும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? யோப்பின் கதவில் யாரோ தாரால் "நாயோடு ஊர் போய்ச் சேர்" என்று எழுதிவிட்டார்கள்.

மறுநாள் காலை யோப் நாயைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினான். அவன் வணக்கத்துக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நடு இருக்கையில் உட்கார்ந்த இரண்டு பேர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "நாய்க்கு டிக்கெட் எடுத்தானா கேளு மெக்டில்ட். ஊருக்குக் கொள்ளைநோய் கொண்டாந்ததுக்கு இலவசமா?" என்றது. சிலர் சிரித்தார்கள்.

மெக்டில்ட் ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு முன் வண்டியை ஓரம் கட்டினாள். இயந்திரத்தை அணைத்தாள். எழுந்து, இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பினாள்.

"யோப் கொண்டுவரல. நான் கொண்டுவந்தேன். ஏப்ரல்ல, ஹாசல்பாக்லேருந்து, என் சாப்பாட்டு டப்பாவுல வெச்சு. நிறைமாதமா இருந்தா. அங்க விட்டா பிள்ளைங்க செத்துப்போயிடும்னு இங்க கொண்டுவந்து விட்டேன்."

நாய் கொட்டாவி விட்டது.

"நீங்களா?" என்றான் யோப். அதில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஓட்டிலி அத்தை முன் இருக்கையில் இருந்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் காலுக்கெல்லாம் மருந்து அடிச்சியேடி" என்றாள்.

"அடிச்சேன் அத்தை."

"செருப்பக் கழட்டு, காலத் தூக்குன்னு படுத்தினியே. என்னை, ஒரு கிழவிய."

"ஆமா."

மறுநாள் ஏறியபோது ஓட்டிலி அத்தை முன் இருக்கையைத் தாண்டி நடந்து கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தாள். முன் இருக்கை காலியாகவே ஓடியது. யோப்பின் கதவுக்குத் தார் தெரியாமல் வர்ணம் அடித்தது எவால்ட். எழுதியவன் யாரென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. மெக்டில்டைப் போல எழுந்து நின்று சொல்வது எல்லோராலும் ஆகிற காரியமா?

அன்னிகாவுக்கு அவளே தொலைபேசியில் சொன்னாள். அன்னிகா வந்தாள், சமையலறையில் உட்கார்ந்தாள், எவால்ட் போட்ட காபியைக் குடித்தாள், திட்டவில்லை. அவளுக்கும் கண் சிவந்திருந்தது. இந்த மலைத்தொடரில் நோய் தொடாமல் இருந்த ஓடைகளில் ஒன்று போய்விட்டது. மெக்டில்ட் அவளை விடவில்லை.

"நான் வேற என்ன செஞ்சிருக்கணும்? சொல்லுங்க. அங்கேயே விட்டுட்டு வந்திருக்கணுமா?"

"இப்ப அதக் கேட்டு என்ன ஆகப்போவுது, திருமதி ராஸ்கோப்."

"எனக்குத் தெரியணும்."

அன்னிகா காபிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். சின்ன வயது, பொய் சொல்லப் பழகவில்லை.

"தண்ணியில இருக்கற வரைக்கும் குட்டிங்களுக்கு இந்த நோய் ஒட்டாது. தோல் மாறிக் கரையேறுனப்புறம்தான் ஒட்டும். அவ ஹாசல்பாக் ஓடையிலயே குட்டி போட்டிருந்தா, நாங்க வந்து கோடைக்குள்ள அத்தனையும் எடுத்திருப்போம். சுத்தமான குட்டிங்க. ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா போதும்."

எவால்ட் "போதும், நிறுத்தும்மா" என்றான். ஆனால் சொல்லியாகிவிட்டது. அவள் சுமந்து வந்ததில் தாய்தான் விஷம். எந்தப் பிள்ளைகளுக்காகத் தாயைச் சுமந்தாளோ அவை வயிற்றுக்குள் பத்திரமாக இருந்திருக்கின்றன. மெக்டில்ட் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

குளிர்காலத்தைத் தாண்டிய சில தாய்கள் மார்ச்சில் ஓலன்ஷைட் ஓடைக்கு வந்து குட்டி போட்டன. மே மாதத்துக்குள் அந்தத் தாய்களும் செத்தன. ஜூனில் அன்னிகா தன் ஆட்களோடும், கண்ணாடித் தொட்டிகளோடும், ரப்பர் காலணிகளோடும் வந்தாள். ஓடையில் இருக்கும் எல்லாக் குட்டிகளையும் பிடித்து, நகரத்தில் ஒரு கட்டிடத்தில் வைத்து வளர்ப்பதாக ஏற்பாடு. ஒன்றைக்கூட விட முடியாது. விட்டால் கரையேறும், ஏறினால் சாகும். எப்போது திரும்பக் கொண்டுவந்து விடுவீர்கள் என்று எவால்ட் கேட்டான். மண்ணில் நோய் இல்லை என்று தெரிந்தால் என்றாள் அன்னிகா. அது எப்போது? அவள் தோளைக் குலுக்கினாள். எங்கள் ஆயுளில் இல்லை என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

மெக்டில்டை யாரும் கூப்பிடவில்லை. அவளே விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் வந்து நின்றாள். அன்னிகா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒரு ஜோடிக் கையுறையும் ஒரு சின்ன வலையும் கொடுத்தாள்.

காலையிலிருந்து கல்லைப் புரட்டிப் புரட்டிப் பிடித்தார்கள். ஒவ்வொரு காலின் தொடக்கத்திலும் வெளிறிய மஞ்சள் புள்ளியோடு, இரண்டு பக்கமும் செவுள் குஞ்சத்தோடு, குட்டிகள் வலையில் துள்ளின. மெக்டில்டுக்கு ஒவ்வொரு குழியும் மனப்பாடம். பாலத்தடியில், சலவைக் கல்லுக்குப் பின்னால், ஆல்டர் வேரடியில். அவள் கை வைத்த இடமெல்லாம் குட்டி கிடைத்தது. அவள் கை எடுத்த இடமெல்லாம் காலியானது. மதியத்துக்குள் அந்த ஓடையை அவளே பாதி காலி செய்துவிட்டாள். எவால்ட் கரையில் உட்கார்ந்து தொட்டிகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தான்.

மாலையில் மற்றவர்கள் மேல்பக்கம் போய்விட்டார்கள். மெக்டில்ட் கீழ்மடுவில் தனியாகக் குனிந்திருந்தபோது கரையோரக் கல்லில் ஏதோ அசைந்தது. ஒரு குட்டி. மற்றவற்றைவிட முந்திக்கொண்டது. செவுள் இரண்டும் சுருங்கி வெறும் தழும்பாகிவிட்டன. முதுகில் மஞ்சள் புத்தம் புதிதாக, இன்னும் காயாத வர்ணம் போல ஏறியிருந்தது. உடம்பு தண்ணீரில், முன்னங்கால் இரண்டும் கல்லின் மேல். கல்லுக்கு அந்தப் பக்கம் பாசி, அதற்கப்பால் ஈர மண். வலை தொட்டிகளோடு எவால்டிடம் இருந்தது, வழுக்கும் குட்டி கைக்குப் பிடிபடாது.

"அன்னிகா!" என்று கத்தினாள். "வலை! இங்க ஒண்ணு ஏறுது!"

மேல்பக்கத்திலிருந்து கற்களில் ஓடிவரும் சத்தம் கேட்டது. குட்டி தலையைத் தூக்கி, முதல் முறையாகக் காற்றை விழுங்கி, இன்னொரு அடி எடுத்து வைத்தது. மெக்டில்ட் உள்ளங்கையைக் கல்லுக்கும் பாசிக்கும் நடுவில் சுவராக வைத்து, அதை மெதுவாகத் தண்ணீருக்குள் தள்ளினாள்.

"வராத" என்றாள். "வெளிய வராத, என் தங்கம். இங்க ஒண்ணும் இல்ல."

அதற்கு அது எங்கே புரியும்? கால் முளைத்தது எதற்கென்று அந்தக் காலுக்குத் தெரியும். வழுக்கி விழுந்தது, திரும்பி வந்தது, அவள் விரலையே பற்றிக்கொண்டு ஏறப் பார்த்தது. அவள் அழுதுகொண்டே மறுபடி தள்ளினாள். அது மறுபடி ஏறியது. அன்னிகா வலையோடு வந்து சேரும்வரை இருவரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.